தூண் மேல் போட்ட பழி

சாவதற்குள் ஒரு தடவையாவது நூறைத் தாண்டி வண்டி ஓட்டிவிடுவது என்று நாப்பது முடிவு செய்தார்.

நாப்பது என்பது அவருடைய வயதல்ல. வயது ஐம்பதைத் தொட்டுவிட்டது. அது அவருடைய வேகம். ஸ்கூட்டரானாலும் காரானாலும், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே பேட்டரியைத் தீர்த்தாலும், முள் நாற்பதைத் தாண்டாது. தெரு வைத்த பெயர் அது. வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர் வேலை. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது நிஜ விபத்து, எது கட்டிவிட்ட கதை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். காலையில் நசுங்கிய கதவு, மத்தியானம் நொறுங்கிய விளக்கு என்று பிழைப்பு நடத்துகிறவருக்கு வேகம் எங்கிருந்து வரும்? ஆனால் ஆசை மட்டும் உள்ளே ஒரு மூலையில் பத்திரமாக இருந்தது. அதைக் கிளறிவிட்டவன் மச்சினன்.

"அத்தான், ஊருக்கு வெளிய ரேஸ் டிராக் இருக்குல்ல? மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் திறந்து விடறாங்க. சொந்த வண்டியிலயே போய் ஓட்டலாம். சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது."

"இன்சூரன்ஸும் கிடையாது" என்றார் நாப்பது. "சாதா பாலிசி ரோட்டோட சரி. டிராக்குக்குள்ள சக்கரம் வெச்சா கம்பெனி கை கழுவிடும். எத்தனை பேருக்கு நானே முடியாதுன்னு எழுதியிருக்கேன் தெரியுமா?"

"அதுக்குன்னே ஒருநாள் பாலிசி இருக்கு அத்தான். வாசல் கேட்லயே தர்றாங்க."

நாப்பது யோசித்தார். இன்னொரு சிக்கலும் இருந்தது. கார் அவருடையது இல்லை. மனைவியுடையது. அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், எழுந்து நடக்க முடியாதவர்களை நடக்க வைக்கிறவள். தானே சம்பாதித்து, தானே தேர்ந்தெடுத்து வாங்கிய கார் அது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் தன் மேலே விழுந்த மாதிரி தடவிப் பார்ப்பாள். நல்லவேளையாக அந்த ஞாயிறு அவளுக்கு வெளியூரில் பயிற்சி வகுப்பு.

டிராக் வாசலில் ஒரு பெண் ஒருநாள் பாலிசியை நீட்டினாள்.

"சார், எடுத்துக்கறது நல்லது."

"எனக்கா? நான் நாப்பதுல போறவன்மா" என்றார் நாப்பது.

ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸின் அருமையை எடுத்துச் சொல்கிறவர், தனக்கு வேண்டாம் என்று உள்ளே போய்விட்டார். சமையல்காரர்கள் வீட்டில் பட்டினி கிடக்கிற மாதிரிதான் இதுவும்.

மச்சினனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் சுற்று நாற்பதில்தான் போனார். எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அவரைவிட வயதான ஒருவர் தாண்டும்போது, வண்டி ரிப்பேரா என்று கையால் கேட்டுவிட்டுப் போனார். அங்கேதான் நாப்பதுக்குச் சுருக்கென்றது. காலை அழுத்தினார். அறுபது. எண்பது. நூறு. நூற்றுப்பத்து. ஜன்னலுக்கு வெளியே உலகமே தண்ணீர் பட்ட எழுத்து மாதிரி கலைந்தது. வாய்விட்டுச் சிரித்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. கல்யாணத்தன்று இருந்தாரா என்பதும் சந்தேகம்தான்.

அடுத்த வளைவில் கார் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டது. ஓரத்தில் அடுக்கியிருந்த பழைய டயர் சுவரில் போய் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரின் முன்பக்க இடது மூலை உள்ளே போயிருந்தது. விளக்கு உடைந்திருந்தது.

"அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்றான் மச்சினன்.

"நீ ஒண்ணும் சொல்லாதே. அது போதும்."

அன்று மாலை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாப்பது வேலையில் இறங்கினார். இருபது வருஷமாக அடுத்தவர்களின் பொய்யைப் பிடித்தவருக்கு ஒரு பொய்யைக் கட்டத் தெரியாதா? டயரின் கறுப்பை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அடிபட்ட மூலை கண்ணில் படாதபடி தூணோடு ஒட்டி நிறுத்தினார். பம்பர் உயரத்துக்கு அளந்து, காரின் நீலப் பெயின்ட்டைத் தூணில் தீற்றினார். டிராக்கில் பொறுக்கி வந்த விளக்குச் சில்லுகளைக் கீழே தூவினார். தள்ளி நின்று பார்த்தார். தன் கண்ணே ஏமாந்துவிடும் போலிருந்தது.

காலையில் மனைவி கிளம்பும்போது, வழக்கத்துக்கு விரோதமாகக் கூடவே இறங்கி வந்தார். கதவைத் திறந்துவிட்டார்.

"என்ன, பலமான உபசாரமா இருக்கு?"

"இடம் குறுகலா இருக்கு. நான் பார்த்துச் சொல்றேன், நீ ரிவர்ஸ் எடு. வா... வா... இன்னும் வா..."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். நாப்பது முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த காலி பிஸ்கட் டின்னைத் தூணில் ஓங்கி அடித்தார். கீழ்த்தளமே அதிர்ந்தது. டின் மோட்டார் ரூமுக்குப் பின்னால் பறந்தது.

அவள் இறங்கி வந்தாள். நசுங்கிய மூலையைப் பார்த்தாள். தூணைப் பார்த்தாள். நசுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"விடும்மா" என்றார் நாப்பது பெருந்தன்மையாக. "யாருக்கும் நடக்கறதுதான். நான் ஏதாவது சொன்னேனா?"

"நானா இடிச்சேன்?"

"வேற யாரு? நான் வெளிய நிக்கறேன்."

"சரி, க்ளெய்ம் போட்டுடுங்க. உங்க ஆபீஸ்தானே."

"அதெல்லாம் கூடாது. பொய் க்ளெய்ம்ல இந்தக் கை கையெழுத்துப் போடாது."

"பொய்யா? நான் இடிச்சது பொய்யா?"

"அதாவது... சின்ன விஷயத்துக்கெல்லாம் க்ளெய்ம் போட்டா பிரீமியத்துல தர்ற தள்ளுபடி போயிடும்னு சொல்ல வந்தேன். ரிப்பேர் என் செலவு."

"எவ்வளவு நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள். குரல் தழுதழுத்தது. நாப்பதுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. அதற்குள் அவள் சாவியை அவர் கையில் வைத்தாள். "என் கை நடுங்குது. இனிமே நான் இதைத் தொடமாட்டேன். நீங்களே என்னைக் கொண்டுபோய் விட்டுடுங்க."

விளக்கு மாட்டிப் பெயின்ட் அடித்து வந்த நாளிலிருந்து நாப்பதின் கஷ்டகாலம் தொடங்கியது. விடிவதற்குள் எழுந்து அவளை முதல் நோயாளி வீட்டில் இறக்க வேண்டும். மடக்குக் கட்டிலைச் சுமந்துகொண்டு மாடி ஏற வேண்டும். அவள் வேலை முடித்து வரும்வரை ரோட்டோரத்தில் ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டிய ரிப்போர்ட்டை மடியில் வைத்து எழுத வேண்டும். அவள் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன். நாம போய்ச் சேர்றதுக்குள்ள பேஷன்ட் தானாவே குணமாயிடுவார் போலிருக்கே."

"பத்திரமா போக வேணாமா?"

"அதுவும் சரி. நூத்துப்பத்துல போனா பயமாயிருக்கும்."

நாப்பதுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏதோ வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருப்பாள் என்று தேற்றிக்கொண்டார்.

விஷயம் மாமியார் காதுக்கும் எட்டியது. "மாப்பிள்ளை சும்மாத்தான் வண்டியோட இருக்காராமே" என்று பல் டாக்டருக்கும், கண் டாக்டருக்கும், பாஷையே புரியாத ஒரு சினேகிதி வீட்டுக்கும் கூட்டிப்போகச் சொன்னார். நாப்பது இளைத்துப்போனார். கட்டில் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டியவளோ, "முதல்ல என்னை பேஷன்ட் வீட்டுல கொண்டுவிடுங்க, வந்து பார்க்கறேன்" என்றாள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார். ஒரு சாயங்காலம் அவள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்னங்க, காரை வித்துடலாமா? எனக்குத் தைரியமே போயிடுச்சு. ஆசை ஆசையா வாங்கினது. ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்கு?"

நாப்பது தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தூண், டின், பெயின்ட் எல்லாம் கண்முன் வந்தன. இருபது வருஷத்தில் எத்தனையோ பொய்க்காரர்களைப் பார்த்திருக்கிறார். இவ்வளவு மட்டமான ஆளைப் பார்த்ததில்லை.

"விக்க வேணாம்" என்றார். "நீ இடிக்கல. நான்தான். டிராக்குக்கு எடுத்துட்டுப் போனேன். டயர் சுவத்துல இடிச்சேன். அப்புறம் டின்னால தூணை அடிச்சேன். நீ நல்லா ஓட்டறவ. என்னைவிட நல்லா ஓட்டறவ. என்ன வேணா திட்டு, வண்டியை மட்டும் விக்காதே."

"அப்பாடா" என்றாள் அவள். "இன்னைக்காவது சொன்னீங்களே."

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். தூண் நெட்டுக்குத்தா கிழிக்கும், டயர் உருண்டையா அமுக்கும்னு யார் சொன்னது? சாப்பிட உட்கார்ந்தா வேற என்ன பேசியிருக்கீங்க என்கிட்ட? ரெண்டு இடிச்சுக்கிட்டா ரெண்டும் பெயின்ட்டை மாத்திக்கும்னீங்க. தூணுல காரோட நீலம் இருக்கு. காருல தூணோட சுண்ணாம்பைக் காணோமே?"

நாப்பது கண்ணை மூடிக்கொண்டார். சுண்ணாம்பை மறந்துவிட்டார்.

"தம்பியைக் கூப்பிட்டேன். ரெண்டாவது கேள்விக்கே எல்லாத்தையும் கக்கிட்டான்."

"அப்புறம் எதுக்கு என்னை இப்படி ஊரெல்லாம் அலைய விட்டே?"

"ஊரார் தோளையெல்லாம் சரி பண்றேன். நாள் பூரா ஸ்டியரிங் பிடிச்சு என் தோள் போச்சு. நீங்களா சொல்ற வரைக்கும் ஓய்வெடுத்துக்கலாம்னு பார்த்தேன். நீங்களும் சீக்கிரம் சொல்லல. ரொம்ப நல்லதாப் போச்சு, இப்ப வலியே இல்ல." அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நூத்துப்பத்து தொட்டீங்களாமே. சிரிச்சீங்களாமே. தம்பி சொன்னான். அதை என்கிட்ட சொல்லியிருந்தா நானே சந்தோஷமா சாவியைக் குடுத்திருப்பேன்."

நாப்பது அவள் கையை விடவில்லை.

"அடுத்த தடவை டிராக் திறக்கற ஞாயித்துக்கிழமைக்கு ஒருநாள் பாலிசியும் எடுத்துட்டேன்" என்றாள்.

"எனக்காகவா?" அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது.

"உங்க பேருக்குத்தான் முதல்ல கேட்டேன். இதுக்கு முன்னாடி டிராக்ல எங்கயாவது இடிச்சிருக்காரான்னு கேட்டாங்க. நான் பொய் சொல்லலாமா?"

"என்ன சொன்னாங்க?"

"முடியாதுன்னுட்டாங்க. அதான் என் பேர்ல போட்டுட்டேன். நீங்க வேலியோரமா நின்னு கை ஆட்டுங்க."

நாப்பது தலையை ஆட்டினார். அந்த விண்ணப்பம் அவருடைய மேசைக்கு வந்திருந்தாலும் அவர் முடியாது என்றுதான் எழுதியிருப்பார்.