புது ஆட்டோவும் தவமணியக்கா பூசணியும்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. கீழ்புத்துப்பட்டுல ஒரு பூசணிக்காய வாங்கணும். குயிலாப்பாளையத்துல நடக்குற விதைத் திருவிழாவுல கொண்டு போய் சேக்கணும். அவ்ளோதான்.

வாங்குறது, வண்டி ஏறுறது, எறங்குறது. இதுல கெட்டுப்போக என்ன இருக்குது சொல்லுங்க?

புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். நான் மரக்காணம். வீட்டுக்காரர் உப்பு குடோன்ல சூப்பர்வைசர். நான் மொட்டைமாடியில தோட்டம் போட்டு, அதை வீடியோ எடுத்து உங்களுக்குக் காட்டுறவ. தோட்டத்துல காய்ச்சத விட வீடியோவுல காய்ச்சதுதான் ஜாஸ்தி. போன மாசம் நாலு கத்தரிக்காய் படம் போட்டேன், ஞாபகம் இருக்குதா? அது ஒரே கத்தரிக்காய். நாலு பக்கத்துல இருந்து எடுத்தது.

நான் என்ன பண்ணட்டும்? எங்க ஊரு போர் தண்ணியில ரசம் வெச்சா உப்பே போட வேணாம். அந்தத் தண்ணிய ஊத்துனா தக்காளிச் செடி ரெண்டு நாள் மரியாதைக்கு நிக்கும், அப்புறம் சாஞ்சுடும்.

அந்த நேரத்துலதான் தவமணியக்காவத் தெரிஞ்சுது. கீழ்புத்துப்பட்டு அகதி முகாம்ல இருக்காங்க. இலங்கையில சண்டை நடக்கறப்ப மன்னார் பக்கத்துல இருந்து படகுல வந்தவங்க. மாத்துத்துணி கூட எடுக்காம ஓடி வந்திருக்காங்க, ஆனா அவங்க மாமியார் பூசணி விதைய ஒரு துணியில முடிஞ்சு இடுப்புல சொருகிக் குடுத்திருக்காங்க. நாம வெண்பூசணின்னு சொல்றத அவங்க நீத்துப்பூசணின்னு சொல்றாங்க. காய் சின்னது, நல்ல உருண்டை, மேல சாம்பல் பூத்தாப்ல இருக்கும்.

விசேஷம் என்னன்னா, உப்புத் தண்ணிக்கு அது அசையாது! கடலோரத்துலயே பொறந்து வளந்த ஜாதி. முகாம் வீட்டுக்குப் பின்னால, குளிக்கிற தண்ணி ஓடுற வழியில, ஒரு ஆள் படுக்குற அளவு எடத்துல வருஷா வருஷம் போட்டு, விதை எடுத்து, திரும்பப் போட்டு வந்திருக்காங்க.

எங்க ஊருலயும் இந்த மாதிரி ஒண்ணு இருந்திருக்கும். பாக்கெட் விதை வந்ததும் நாங்க அதைக் கை கழுவிட்டோம். நாங்க ஊரை விட்டு எங்கயும் போகல, ஓடல, ஒரு கஷ்டமும் படல. ஆனாலும் விதை போச்சு.

போன மழைக்கு முகாம்ல தண்ணி ஏறி கொடி மொத்தமும் அழுகிடுச்சு. டப்பாவுல வெச்சிருந்த விதையும் பூஞ்சை புடிச்சிடுச்சு. கடைசியில மிஞ்சினது, அக்கா உறியில தொங்க விட்டிருந்த ஒரே ஒரு முத்தின காய்.

"இதை வெட்டித்தான் பிள்ளை விதை எடுக்கோணும்"னு சொன்னாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம்ல? "அக்கா, விதைத் திருவிழாவுல எல்லார் முன்னாடியும் வெட்டலாம்! பாதி விதை வர்றவங்களுக்கு, பாதி உங்களுக்கு"ன்னு வாய விட்டேன்.

அவங்க காய உறியில இருந்து எறக்குனாங்க. "பத்திரமாக் கொண்டு போவீங்களோ?"

"என் உசுரு மாதிரி பாத்துக்கறேன்க்கா."

"அப்ப நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் சமைச்சு வச்சிட்டு அடுத்த பஸ்ஸில வாறன்."

காய வாங்கிகிட்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். பஸ் வரல. வந்த பஸ்ஸும் நிக்கல. நின்னுகிட்டு இருக்குற கை சும்மா இருக்குமா? பையில சந்தனமும் குங்குமமும் கொண்டு போயிருந்தேன். வெள்ளைக்காய் வீடியோவுல எடுபடாதுங்க, கொஞ்சம் கலர் வேணும்! மூணு விரலால சந்தனத்தை இழுத்து, நடுவுல பெருசா ஒரு பொட்டு வெச்சேன். அம்மன் மாதிரி ஜொலிச்சுது.

அப்ப ஐயனார் கோயில் பக்கத்துல இருந்து ஒரு ஆட்டோ வந்துது. புத்தம் புதுசு. சீட்டு பிளாஸ்டிக் கவர் கூட பிரிக்கல. முன்னாடி மாலை, கண்ணாடியில சந்தனம், டயர்ல நசுங்கின எலுமிச்சம்பழம். ஓட்டிகிட்டு வந்த தம்பி பேரு சேகர்.

"எங்கக்கா போணும்?"

"குயிலாப்பாளையம்."

"ஏறுங்க. நான் பொம்மையார்பாளையம்தான். நீங்கதான் மொத சவாரி!"

அப்புறம்தான் என் மடியில இருந்த காயப் பாத்தான். அவன் மூஞ்சி மாறிப்போச்சு. "அக்கா, இது..."

"ஸ்பெஷல் காய்ப்பா."

"தெரியுதுக்கா"ன்னான். கண்ணு கலங்குற மாதிரி இருந்துது. பரவால்லையே, இந்தக் காலத்துப் பசங்களுக்கும் நாட்டு விதை மேல இவ்ளோ பாசமான்னு எனக்கு ஒரே பெருமை!

இங்க எனக்கு அப்ப தெரியாத விஷயம் ஒண்ணு இருக்குது. அன்னிக்கு முகூர்த்த நாள். கோயில் கடையில பூசணிக்காய் தீந்து போயிருக்கு. "பூசணி உடைக்காம வண்டிய வீட்டு வாசல்ல நிறுத்துன, செருப்பு பிஞ்சிடும்"னு அவங்க அம்மா போன்ல கத்தியிருக்காங்க. என்ன பண்றதுன்னு தெரியாம வந்தவன் கண்ணுல, குங்குமப் பொட்டோட ஒரு வெண்பூசணியும் அதை ஏந்திகிட்டு ஒரு சுமங்கலியும் பட்டா என்ன நெனப்பான்? ஐயனாரே அனுப்பிச்சதா நெனச்சிட்டான்.

கொஞ்ச தூரம் போனதும் சவுக்குத் தோப்பு, பக்கத்துல ஒரு டீக்கடை. வெயில் எலைக்கு நடுவுல விழுந்து லைட்டிங் அருமையா இருந்துது.

"தம்பி, ஓரமா நிறுத்து. ஒரு சின்ன லைவ் போட்டுடறேன்."

காய அவன் கையில குடுத்தேன். "இதைப் புடிச்சிகிட்டு வண்டிக்கு முன்னால நில்லு. நான் பேசுறப்ப பின்னாடி தெரியணும்."

ரெண்டு கையாலயும் வாங்கி கண்ணுல ஒத்திகிட்டான். "ரொம்ப நன்றிக்கா"ன்னான். எதுக்கு நன்றி சொல்றான்னு நான் கேக்கல. கேட்டிருக்கணும்.

செல்ஃபி கேமராவத் திருப்பி ஆரம்பிச்சேன். "மக்களே, கடல் தாண்டி வந்த ஒரு பூசணியோட கதைய இன்னிக்கு பாக்கப் போறோம். இந்த ஜாதியில இப்ப மிச்சம் இருக்குறது இந்த ஒரே ஒரு காய்தான். இதைக் காப்பாத்த வேண்டியது நம்ம கடமை..."

செல்ஃபி எடுக்குறப்ப யாராவது பின்னாடி பாப்பாங்களா? நான் என் தலைமுடியத்தான் பாத்துகிட்டிருந்தேன். கமெண்ட் வேற மளமளன்னு வந்துது. ஆஹா, என்னா வரவேற்புன்னு பூரிச்சுப் போனேன். "அக்கா பின்னாடி!" "அக்கா திரும்புங்க!" "கற்பூரம் ஏத்துறாரு!" இதெல்லாம் அப்புறம்தான் படிச்சேன்.

அவன் காய் மேல கற்பூரத்தைக் கொளுத்தி, வண்டியச் சுத்தி வந்து, வலப்பக்கம் இடப்பக்கம் முறையா சுத்தியிருக்கான். ஒரு குறை சொல்ல முடியாது.

"...இதோ பாருங்க, அந்த அபூர்வமான காய்!"னு நான் கை காட்டுறேன்.

டமார்!

திரும்பிப் பாத்தா ரோடு பூரா வெள்ளை. சேகர் சிரிச்ச மூஞ்சியோட நிக்கறான். "தூள் தூளா போச்சுக்கா! எல்லா திருஷ்டியும் ஒழிஞ்சுது!"

நான் அப்படியே ரோட்டுல உக்காந்துட்டேன்.

"அக்கா? ஏன்கா? சாமி வந்துடுச்சா?"

"டேய், அது விதைக்காய்டா! உலகத்துக்கே அது ஒண்ணுதான்டா!"

அவன் மூஞ்சி செத்துப்போச்சு. "பொட்டு வெச்சிருந்துதே..."

"வீடியோவுக்கு வெச்சேன்!"

"வீடியோவுக்கு யாருக்கா பூசணிக்காய்க்குப் பொட்டு வெப்பாங்க?"



அழுவுறதுக்கு டைம் இல்ல, விதைய பொறுக்கணும். கைய வெச்சேனோ இல்லையோ, டீக்கடையே எழுந்து நின்னுடுச்சு.

"ஏம்மா! கழிச்சுப் போட்டதைத் தொடாத!"ன்னாரு டீ மாஸ்டர்.

"உள்ள காசு போட்டிருப்பாங்க, அதுக்குத்தான் பொறுக்குது"ன்னாரு பெஞ்சுல இருந்த ஒருத்தர்.

சேகருக்கு வேற கவலை. "அக்கா, நீங்க பொறுக்குனா அந்த திருஷ்டி திரும்ப என் வண்டிக்கே வந்துடுமா? இல்ல உங்களோடயே போயிடுமா?" இதைப் பத்தி பெஞ்சுல பெரிய வாதமே நடந்துது. என்னோடதான் போகும்னு முடிவாச்சு. சேகருக்கு அப்பதான் மூச்சு வந்துது.

அதுக்குள்ள எங்கிருந்தோ ரெண்டு ஆடு வந்து பெரிய துண்டா பாத்து இழுத்துகிட்டுப் போச்சு. ஆட்டை வெரட்டிட்டுத் திரும்புனா, எதுக்க ஒரு பஸ்! கிறீச்சுன்னு பிரேக் போட்டு, மிச்சத்துல பாதி மேல டயர வெச்சு நின்னுது.

"சாவறதுக்கு என் பஸ்ஸுதான் கெடச்சுதா?"ன்னு டிரைவர் கத்துறாரு. ஜன்னல்ல இருந்து தலைங்க எட்டிப் பாக்குது. அதுல ஒரு தலை தவமணியக்கா.

அடுத்த பஸ்ல வர்றேன்னு சொன்னாங்கல்ல? வந்துட்டாங்க.

எறங்கி வந்தாங்க. ரோட்டைப் பாத்தாங்க. மாலை போட்ட ஆட்டோவப் பாத்தாங்க. என் கையில இன்னும் லைவ்ல ஓடிகிட்டிருந்த போனப் பாத்தாங்க. ரெண்டு அறை விட்டிருந்தா கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

"அக்கா... உடைஞ்சிடுச்சு"ன்னேன். எல்லாருக்கும் தெரியிறத நான் அறிவிச்சேன்.

"அங்க கொண்டு போய் என்ன செய்யப் போனனீங்கள்?"

"வெட்டத்தான்..."

"பின்னை என்ன? வெட்டியாச்சு. பொறுக்குங்கோ."

சேலையத் தூக்கிச் சொருகிகிட்டு குந்திட்டாங்க. டீ மாஸ்டர் விடல. "ஏம்மா, திருஷ்டி பட்டதும்மா அது!"

"தம்பி, நாங்கள் கடலால வந்த ஆக்கள். ஊர்க் கண்ணூறு எல்லாம் எங்களில பட்டு முடிஞ்சுது. இனிப் படுறதுக்கு இடமில்லை."

டீ மாஸ்டர் கிளாஸ் கழுவப் போயிட்டாரு. அக்கா பேச்சு தெனாவெட்டாத்தான் இருந்துது. ஆனா நசுங்கின விதையக் கூட வீச மனசில்லாம ஊதி ஊதிப் பாத்தாங்க. அப்பதான் எனக்கு நெஜமாவே அழுகை வந்துது.

சேகர் புது சீட்டோட பிளாஸ்டிக் கவர சர்ருன்னு கிழிச்சு எடுத்துட்டு வந்தான். "இதுல போடுங்க. நான் தொட மாட்டேன், புடிச்சிக்கறேன்."

ஜல்லி, குங்குமம், ஆட்டு எச்சில், டயர் கருப்பு. இதுக்கு நடுவுல இருந்து எடுத்தது ரெண்டு கைப்பிடி தேறும். அதுல நசுங்காதது எதுன்னு கழுவிப் பாத்தாதான் தெரியும்.

தவமணியக்கா அதுல கொஞ்சம் எடுத்து சேகர்கிட்ட நீட்டுனாங்க. "உடைச்சனீங்கள்தானே. நட்டு எனக்குக் காய் தரோணும்."

"ஐயோ! கழிச்ச திருஷ்டிய நானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா? எங்கம்மா என்னையும் வண்டியையும் சேத்து கொளுத்திடும்!"

அக்கா கைய எறக்கல. அவன் டீ கிளாஸ் கழுவுற தண்ணியில கைய நனைச்சு, சாமி கும்பிட்டுட்டு, துண்டை விரிச்சு வாங்கிகிட்டான்.

விதைத் திருவிழாவுக்கு நாங்க போய் சேந்தப்ப பந்தல பிரிச்சிகிட்டிருந்தாங்க. வாசல்ல நின்ன அம்மா கவர எட்டிப் பாத்துட்டு, "சட்னி ஸ்டால் அந்தப் பக்கம்"னு கை காட்டுனாங்க.

வீடியோவ எத்தினி பேரு பாத்தீங்கன்னு உங்களுக்கே தெரியும். தெரியாதவங்க யாரும் மிச்சம் இல்ல.

விதை என்னாச்சுன்னுதானே கேக்கறீங்க? நானும் கொஞ்சம் வாங்கிட்டு வந்து, தேங்காய் நார், மண்புழு உரம், நிழல் வலைன்னு ராஜ உபசாரம் பண்ணேன். ஒண்ணு மொளச்சுது. அதை நத்தை தின்னுடுச்சு. தவமணியக்கா போட்டதுல கொடி நல்லாதான் வந்துது. ஆனா புள்ளைத்தாச்சி கேக்குது, காய்ச்சல்காரர் கேக்குறாருன்னு பிஞ்சுலயே ஆளாளுக்கு வந்து கறிக்கு வாங்கிட்டுப் போயிட்டாங்க. அக்காவுக்கு இல்லன்னு சொல்ல வராது. விதைக்கு ஒரு காய் கூட நிக்கல. மாமியார் முடிஞ்சு குடுத்தது நம்ம கையோட போச்சேன்னு அக்கா போன்ல சொன்னப்ப எனக்கு சோறு எறங்கல.

அந்த வாரமே சேகர் கூப்ட்டான்.

"அக்கா, வந்து உங்க காய எடுத்துட்டுப் போயிடுங்க. ஆட்டுக் கொட்டாய் கூரை பூரா கெடக்குது. எல்லாம் முத்திப்போச்சு."

"முத்த விட்டாங்களா? உங்க தெருவுல யாரும் கறிக்குக் கேக்கலயா?"

"திருஷ்டி பூசணியோட கொடிக்கா! தெருவுல ஒருத்தன் கிட்ட வரல. எங்கம்மா தண்ணி ஊத்தும், அதுவும் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிகிட்டு ஊத்தும். நட்டதைக் காய விட்டா இன்னும் பெரிய தோஷமாம்."

"அப்படின்னா உன் ஆட்டோவுல போட்டு முகாமுக்குக் கொண்டாந்துடுப்பா, வாடகை தந்துடறேன்."

"என் வண்டியிலயா? நல்லா இருக்குதுக்கா நியாயம்! பஸ்ல எடுத்துட்டுப் போங்க."

பஸ்லதான் போனேன். ரெண்டு கோணிப்பை, தலையில ஒண்ணு இடுப்புல ஒண்ணு. தவமணியக்கா ஒவ்வொரு காயா எடுத்து, தட்டிப் பாத்து, சேலையால தொடச்சு வெச்சாங்க. ரொம்ப நாள் கழிச்சு அவங்க சிரிச்சத அன்னிக்குத்தான் பாத்தேன்.

நான் மெதுவா கேட்டேன். "அக்கா, அடுத்த வருஷம் விதைக்காய் நான் பாத்துக்கட்டுமா?"

"விதைக்காய் அந்தத் தம்பியின்ட அம்மாவிட்டயே இருக்கட்டும் பிள்ளை. உங்களுக்குக் கறிக்கு ஒண்டு தாறன்."