கெண்டைகளுக்குக் காவல்

வயல்தேசம் என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம். தேடிப் போனவர்கள் சொந்த ஊரிலேயே வந்து நின்றிருக்கிறார்கள்.

அந்நாட்டார் நெல்வயலில் கெண்டை வளர்த்தார்கள். கெண்டை பூச்சியைத் தின்னும், களையைக் கிளறும், கழிவால் பயிருக்கு உரமிடும். இதில் அரசுக்கு ஒரு வேலையும் இல்லை. மன்னர் பெருமிதவர்மரை உறுத்தியது அதுதான்.

"காவலற்ற மீன்களை நினைத்தால் நமக்கு உறக்கமே வருவதில்லை" என்று அவையில் கண்கலங்கினார். வயல்தோறும் விரால்களைக் காவலுக்கு விடும்படி ஆணை பிறந்தது.

வேம்பாயிக்கு ஒரே வயல். அதன் விளைச்சல்தான் அவளுக்கும் இரண்டு பெண்களுக்கும் சோறு. அமைச்சர் மேளதாளத்தோடு விரால் விட வந்தபோது வரப்பில் மறித்து நின்றாள்.

"ஐயா, விரால் கெண்டைய முழுங்கிப்புடுமுங்க."

"அவதூறு! கெண்டைகள் ஏதும் புகார் கொடுத்தனவா?"

"முழுங்குனப்பறம் எங்கேருந்துங்க குடுக்கும்?"

"ஆகவே, புகார் இல்லை" என்று முடித்தார் அமைச்சர்.

கெண்டைகள் குறைந்தன. வயல்களில் அமைதி நிலவுவதாக அரசு அறிவித்தது. புகையான் பூச்சி பெருகிப் பயிர் அடியோடு காய்ந்தது. இரையின்றி விரால்கள் இளைத்ததைக் கண்டு மன்னர் பதறினார். காவலர் பசியாற வீட்டுக்கொரு கூடை கெண்டை விட வேண்டும் என்றார். வேம்பாயி விதைநெல்லை விற்றுக் கெண்டை வாங்கி விட்டாள்.

அறுவடையில் கிடைத்தது பதர். பட்டினியில் காய்ச்சல் கண்டு இளையவள் போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்த கையோடு வேம்பாயி மண்வெட்டியால் மடையை வெட்டி வயல் நீரை வடித்தாள்.

"அடியே, ராசத்துரோகம்னு புடிச்சிட்டுப் போயிருவாங்கடி!" என்று அலறினாள் பக்கத்து வயல் சோலையம்மா.

"போகட்டும். காவக்காரன் சாவணும். நீயும் வெட்டி வுடு."

ஊரே வெட்டியது. மிச்சமிருந்த கெண்டைகள் துள்ளித் துள்ளிச் செத்தன. வடிந்த நீரின் வேகத்தில் கூட்டமும் அரண்மனைக்குப் பாய, பெருமிதவர்மர் முடியைப் போட்டுவிட்டு ஓடினார்.

மக்கள் கைதூக்கிப் புதிய மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் முதல் வேலையாக மதகைத் திறந்தார். வயலில் நீர் ஏறியது. வேம்பாயியும் மூத்தவளும் ஒரு பானை கெண்டைக் குஞ்சோடு வரப்பில் காத்திருந்தார்கள்.

சேறு அசைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக விரால்கள் தலை நீட்டி மூச்சு வாங்கின. நீர் வற்றினால் சேற்றுக்குள் படுத்து நாளைக் கடத்துவது விராலின் பிறவிக் குணம். ஆத்திரத்தில் ஊரில் ஒருவருக்கும் அது நினைவில்லை.

வயலைப் பார்வையிட வந்த புதிய மன்னர் நெகிழ்ந்துபோனார். "அடடா, அனுபவசாலிகள்! இவர்களை விட்டால் நமக்கு யார்?"

வேம்பாயி பானையின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். மன்னர் பக்கத்தில் நின்றவர் அதே அமைச்சர். தலைப்பாகையின் நிறம்தான் வேறு.

"ஊற்றம்மா" என்றார் அமைச்சர் கனிவாக. "பாவம், காவலர்கள் வெகுநாள் பட்டினி."