உருளையாரும் சரசரக்கும் இலைகளும்

"சந்தேகத்துக்குரிய செடியோ, அதைத் தொட்ட எதுவுமோ, இலாகாவின் பதில் வரும்வரை இருக்கும் இடத்தைவிட்டு நகரக் கூடாது." வேளாண் இலாகாவின் செடிநோய்ப் பிரிவில் அதிகாரியாக இருந்தபோது நானே எழுதிய விதி. தொட்ட எதுவும் என்று நான் நினைத்தது மண்வெட்டியை. இந்தத் தீவிலேயே அதை முழுதாகப் பின்பற்றிய ஒரே மனிதர், உட்லண்ட்ஸில் என் பக்கத்து வீட்டு உருளையார்.

ஜாலான் புசாரில் ஆணிக்கடை வைத்திருந்தவர். கடையை மூடியதும், வீட்டு வாசல் நடைபாதையில் ஐந்து தொட்டிகளில் உருளைக்கிழங்கு வளர்த்தார். இந்த வெயிலுக்குக் கோலிக்குண்டு அளவில்தான் விளைந்தது. அதையே திரும்ப நட்டார். கிழங்கில் வைரஸ் இருந்தால் முளையிலும் இருக்கும் என்று எச்சரித்தேன்.

"என் கிழங்கு நல்ல குடும்பம் சார்!"

முதலில் கடைசித் தொட்டியில் இலைகள் சுருண்டு விறைத்தன. அடுத்த வாரம் அதற்கு முந்தைய தொட்டி. பிறகு அதற்கும் முந்தையது. வரிசை தவறாமல், அவர் கதவை நோக்கி. நோயைச் சுமந்துவரும் அசுவினிப்பூச்சி ஒன்றுகூட என் பூதக்கண்ணாடிக்கு அகப்படவில்லை.

ஒரு மத்தியானம், காற்றே இல்லை. யாரோ பழைய கோப்பின் தாள்களைப் புரட்டுவதுபோல் இலைகள் சரசரத்தன.

"லிஃப்ட் அதிருது," என்றேன்.

"லிஃப்ட் காலையிலேர்ந்து ரிப்பேர் சார். நீங்க படியேறித்தானே வந்தீங்க?"

அன்றே இலையை இலாகாவுக்கு அனுப்பினார். கூடவே தன்னையும் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டார். பாலத்துக்கு அப்பால் ஜொகூரில், மகளின் மிளகாய்த் தோட்டத்து வீட்டில், முதல் பேரன் பிறந்திருந்தான்.

"போய்ப் பாருங்க லா! அந்த ரூல் மனுஷனுக்கு இல்ல," என்றேன், ஜன்னலுக்கு வெளியே நின்று.

"அப்படின்னு எங்க எழுதியிருக்கீங்க? செடியைத் தொட்டவன் நான். மிளகாயும் இதே குடும்பம்தானே, அதுக்கு ஒட்டிக்கிச்சுன்னா மாப்பிள்ளை பொழப்பே போயிடும்."

எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஐந்து தொட்டிகளும் சுருண்டன. பேரனை அவர் கைப்பேசியில் மட்டும் பார்த்தார். ஒருநாள் ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டினார். "இதுவும் விறைக்குது சார். மடக்கினா சரசரங்குது."

சிரித்துவிட்டு என் வீட்டுக்குள் போனேன். கதவைச் சாத்தியதும் என் கையைக் காதருகே வைத்து மடக்கிப் பார்த்தேன்.

இலாகா வாயே திறக்கவில்லை. விதியை எழுதியவனே அதைத் திருத்தலாம் என்று முடிவுசெய்து, உட்கார்ந்து எழுதினேன்: "செடிகளை வேரோடு பிடுங்கி, இரண்டு பைகளில் கட்டி எறியவும். குளித்துப் புதுத்துணி உடுத்தவும். தோட்டத்துக்குள் கால் வைக்காமல் நேரே குழந்தையிடம் போகவும். விதி மனிதர்களுக்குப் பொருந்தாது." கீழே 'முன்னாள் அதிகாரி' என்று கையெழுத்திட்டு, அவர் கதவுக்கு அடியில் தள்ளினேன். காகிதம் சரசரத்தது.

உருளையாருக்கு இந்தப் பதில் கிடைத்த தேதி: பேரனுக்குப் பெயர் வைப்பதற்கு முதல் நாள்.