மாங்காயைப் பார்க்காதே

எனக்கு பைக் ஓட்டத் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில், உண்மையில் எனக்கு நேராக மட்டுமே ஓட்டத் தெரியும். சாலை எந்தப் பக்கம் திரும்பினாலும் திரும்பட்டும், நான் திரும்பமாட்டேன். இதை இத்தனை வருஷம் கழித்து எழுத்தில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. (வெட்கப்பட வேண்டியதெல்லாம் அந்த ஒரே காலையில் பட்டு முடித்துவிட்டேன்.)

எங்களுக்கு ஆந்திர எல்லையிலுள்ள நகரி. வீட்டு முன்பக்கம் நாங்கள், பின்பக்கம் நாலு பவர்லூம். அந்தச் சத்தத்திலேயே படித்து, பரீட்சை எழுதி, இருபத்தாறு வயதில் வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு கிராம சச்சிவாலயத்தில் கம்ப்யூட்டர் வேலை வாங்கினேன். ரேஷன் அட்டை, பென்ஷன் மனு, சாதிச் சான்று என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் பதிந்து கொடுக்கிற அலுவலகம். வேலை கிடைத்தது பெரிய சந்தோஷம்தான். ஆனால் இரண்டு பஸ் மாறி, மூன்றாவது பஸ்ஸுக்காக நின்று நின்று, தினமும் தாமதம். வாசலில் விரல் ரேகை வைக்கிற மெஷின் இருக்கிறதே, அது யார் கதையையும் கேட்காது.

"நம்ம வண்டிய எட்த்துக்கினு போ" என்று என் அப்பா, நைனாதான், தன் பழைய பைக்கைக் கொடுத்தார். அவரேதான் கற்றும் கொடுத்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நைனா எதைக் கற்றுக்கொடுத்தாலும் தறி கற்றுக்கொடுக்கிற மாதிரிதான் கற்றுக்கொடுப்பார். தறியில் ஆயிரம் இழை ஓடும். ஒன்று அறுந்தால் கண் அங்கேயே போய் நிற்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு அந்தப் பழக்கம். கல்யாண வீட்டில் எதிரே வருகிற பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் புடவையில் எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு நைனா அதையே சொன்னார்.

"எங்க பழுது கீதோ அதையே பாரு. அதோ பாரு பள்ளம். பாத்துக்கினே போ. கண்ண எடுக்காதே."

பார்த்துக்கொண்டே போனேன். கண்ணை எடுக்காமல் போனேன். நேராகப் பள்ளத்தில் போய் இறங்கினேன்.

"பாத்தியா, நா சொல்லல?" என்றார் நைனா பெருமையாக.

நகரியிலிருந்து புத்தூர் வரைக்கும் நெடுஞ்சாலை, எனக்கேற்ற மாதிரி நேராகவே போகும். கார்வேட்டிநகரம் தாண்டினால் குன்றும் மாந்தோப்புமாக, வளைவுக்கு மேல் வளைவு. முதல் ஐந்து நாள் அதற்கு நான் கண்டுபிடித்த வழி, வளைவு வந்தால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், சாலை நேரானதும் ஏறிக்கொள்வது. ஒரு டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து மனம் இளகி, மூன்றாம் நாளிலிருந்து பாட்டிலில் பெட்ரோல் வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார். "டேங்க்குல ஓட்டையாம்மா?" என்று கேட்டார். "ஆமாண்ணா" என்று சொல்லி பெட்ரோலும் வாங்கிக்கொண்டேன். (வேறென்ன சொல்வது? ஓட்டை என் தலையில் என்றா?)

ஆறாம் நாள், நான் தள்ளிக்கொண்டு போகும்போது சைக்கிளில் வந்த இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். போனால் பரவாயில்லை, ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வந்ததே ஒரு ரோஷம்! இனி எந்த வளைவிலும் இறங்குவதில்லை என்று ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டு ஏறினேன்.

அடுத்த வளைவு வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பாமல் நேரே போனால் ஒரு மாங்காய் ராம்ப். சீசனில் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி, தரம் பிரித்து, லாரி ஏற்றுகிற கொட்டகையை எங்கள் பக்கம் ராம்ப் என்போம். ஆனி மாதம். சாலையோரம் என் தலை உயரத்துக்குக் கிளிமூக்குத் தோத்தாபுரி குவியல். அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த தறிக்காரி விழித்துக்கொண்டாள். 'அதோ பழுது! கண்ணை எடுக்காதே!' எடுக்கவில்லையே! மாங்காய் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு காயின் மூக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. நடு வளைவில் பயந்துபோய் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். சாலை மரியாதையாக வலப்பக்கம் போயிற்று. நான் குவியலுக்குள் போனேன்.

அடி ஒன்றும் இல்லை. மாங்காய் என்னை மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. ஆனால் குவியல் சரிந்து, நூற்றுக்கணக்கில் காய்கள் சாலைக்கு ஓடின. நான் திரும்பாத அந்த வளைவில் அவை அழகாகத் திரும்பிப் போயின என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

குவியலுக்கு மேலே உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்த ஒருத்தி, சரிந்து வந்து என் பக்கத்திலேயே விழுந்தாள். என் வயதுதான் இருக்கும். தோளில் மஞ்சள் துண்டு. பெயர் ரெட்டெம்மா. (இதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அப்போது அறிமுகம் செய்துகொள்கிற நிலையில் இருவரும் இல்லை.)

"ஏமே! இவ்ளோ பெரிய ரோடு உட்டுட்டு எம்மேல ஏமே வர்றே?"

"காயையேதான் பாத்துக்கினு வந்தேன்..."

"அதான்! யாட சூஸ்தே ஆடிகே போதாவு! எங்க பாக்கிறியோ அங்கதான் போவே. ரோட்ட பாக்க மாட்டியா? யாரு மே நீ?"

"புதுசா வந்த சச்சிவாலயம்..."

ரெட்டெம்மாவின் முகம் மாறியது. அவள் மாமியாரின் பென்ஷன் மனு எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தது. மரியாதை வந்துவிட்டது, ஆனால் திட்டு நிற்கவில்லை. "புத்தி இல்லியா மேடம் உனக்கு? கண்ணு எங்க வெச்சுக்கினு வந்தே மேடம்?" என்று ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு மேடம் வைத்தாள்.

வண்டியை இழுத்துத் துடைத்து அலுவலகம் போய்ச் சேர்ந்தால், மெஷின் என் விரலை ஏற்கவில்லை. மாங்காய்ப் பால் பட்டு விரலெல்லாம் பிசுபிசு. தேங்காயெண்ணெய் தேடித் தேய்த்து, ஏழாவது தடவை வைத்தபோதுதான் அது என்னை நான்தான் என்று ஒப்புக்கொண்டது. பென்ஷன் மனுவுக்காக வரிசையில் நின்றவர்கள் என் ஜடையிலிருந்து ஒரு மாவிலையை எடுத்துக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள், நான் மாங்காயில் படுத்திருப்பதை யாரோ எடுத்த வீடியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. என் தம்பி குமரேசன் அதை டி.வி.யில் போட்டு அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு ரொம்ப நாளாக அந்த பைக் மேல் ஒரு கண்.

நைனா நாலு தறியையும் நிறுத்திவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் தறி நின்றால் சாவு, இல்லை தீர்ப்பு.

"அந்த வேல நமக்கு வாணாம்மா. சாவிய தம்பி கைல குடு. நீ இங்கியே இரு. கை கால் நல்லா கீறப்பவே நிறுத்திக்கலாம்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை வருஷம் படித்து வாங்கிய வேலை! ஒரு வளைவுக்காக விட்டுவிடுவதா? அழுகை வாயிலிருந்து வீராப்பாக வெளியே வந்தது.

"ஒரு மாசம் டைம் குடு நைனா. திருமலைக்கு உன்ன பின்னாடி உக்கார வெச்சுக்கினு ஏத்தி, எறக்கிக் காட்றேன். எந்த வளைவுலயாவது காலை ஊணினேன்னா, சாவி அவன்து. வேலையையும் உட்டுட்றேன்."

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். குமரேசன் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அப்போதே வண்டிக்கு ஸ்டிக்கர் யோசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் வெட்கத்தை விட்டு ராம்ப்புக்குப் போனேன். ரெட்டெம்மாவின் வீட்டுக்காரர் குவைத் போனதிலிருந்து அவர் பைக்கை இவள்தான் ஓட்டுகிறாள். இரண்டு பக்கமும் காய்ப்பெட்டி கட்டிக்கொண்டு அந்த வளைவில் அவள் சாய்ந்து போவதை என் கண்ணாலேயே பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையில் வயிறு எரிந்தது.

"கத்துக் குடுக்கிறேன் மேடம். ஆனா மறுபடி காய் மேல வந்தே, மரியாத இருக்காது" என்றாள்.

அவள் பாடம் ரொம்பச் சின்னது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, கியரை இறக்கு. உள்ளே போனபிறகு கிளட்சைப் பிடித்து நடுங்காதே. முக்கியமாக, கண் வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும். கண்ணை மட்டும் உருட்டினால் போதாது, முகவாயையே அந்தப் பக்கம் திருப்பு. சொல்லிவிட்டு வளைவின் அந்தக் கோடியில் போய் நின்று, மஞ்சள் துண்டை ஆட்டினாள்.

"மாங்காய பாக்காதே! துண்ட பாரு!"

சொல்ல சுலபம். தறிக்காரக் கண்ணாயிற்றே! ஒவ்வொரு தடவையும் குவியல் பக்கமே இழுத்தது. முதல் நாள் இரண்டு தடவை வண்டி குவியலுக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றது. கடைசியில் அவள் துண்டோடு சேர்த்து என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டிப் பழிப்புக் காட்ட ஆரம்பித்தாள். கோபத்தில் அவள் மூஞ்சியையே முறைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் வளைவு முடிந்திருந்தது! வண்டி தானாகச் சாய்ந்து, தானாக நிமிர்ந்திருந்தது. நடுரோட்டில் நின்று நான் போட்ட கூச்சலில் ராம்ப்பில் இருந்தவர்கள் மறுபடி விழுந்துவிட்டேன் என்று ஓடி வந்தார்கள்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பதி. அலிபிரி சோதனைச் சாவடி வரை குமரேசன் பஸ்ஸில் வந்து, சாவி வாங்கிக்கொண்டு போவதற்காக அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஏறும்போது நைனா பின்னாலிருந்து ஒவ்வொரு பழுதாக எடுத்துக் கொடுத்தார். "அதோ பள்ளம்! அதோ சுவரு! அதோ கொரங்கு!" நான் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவின் கோடியிலும் ஒரு மஞ்சள் துண்டும், நாக்கைத் துருத்தின ஒரு மூஞ்சியும் எனக்குத் தெரிந்தன. காலை ஊன்றாமல் மேலே போய்ச் சேர்ந்தோம்.

மேலே நைனா மொட்டை போட்டுக்கொண்டு, தலை நிறைய சந்தனம் பூசிக்கொண்டார். இறங்குகிற பாதையில் ஏறுவதைவிடக் கொடூரமான வளைவுகள். முதல் வளைவிலேயே அவர் ஹெல்மெட் சந்தனத்தில் வழுக்கி மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒன்றும் தெரியாத பயத்தில் "கோவிந்தா!" என்று அலறினார். பின்னால் வந்த பஸ் முழுக்க அதைப் பக்தி என்று நினைத்து, "கோவிந்தா! கோவிந்தா!" என்று பதில் கொடுத்தது. வளைவுக்கு வளைவு இவர் பயத்தில் கத்த, அவர்கள் பரவசத்தில் கத்த, நான் நடுவில் சாய்ந்து சாய்ந்து ராணி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில், ஒரு வளைவு திரும்பினால் நடுப்பாதையில் ஒரு கார் நிற்கிறது. உள்ளே யாரோ வாந்தி போலிருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது. நைனா சரியாக அந்த நேரம் பார்த்தா ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்?

"காரு! காரு! காரப் பாரும்மா!"

ஒரு நொடி கண் காருக்குப் போனது. வண்டியும் போகப் பார்த்தது. 'மாங்காய பாக்காதே!' முகவாயைத் திருப்பினேன். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு வழி இருந்தது. அதை மட்டும் பார்த்தேன். காலை ஊன்றவில்லை. கடந்து வந்துவிட்டோம்.

அலிபிரியில் வண்டியை நிறுத்தினேன். நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குமரேசன் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"இன்னாடா கை நீட்டிக்கினு நிக்கிறே? சாவி அவ கைலதான் இருக்கும். பஸ் அங்க நிக்குது பாரு, போ" என்றார் நைனா. அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "முப்பது வருசமா நா இந்த மலைக்கு பஸ்லயேதான் வந்துக்கினு கீறேன். ஏன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் நேராத்தாம்மா ஓட்ட வரும்."

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட்டுக்குள் கண்ணீர் வந்துவிட்டது. இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். டீக்கடைக்காரர் மட்டும் இன்னமும் டேங்க் ஓட்டையை அடைத்தாயிற்றா என்று கேட்கிறார்.

எங்கள் வீட்டில் யாராவது ஒரு கவலையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அது குமரேசனுக்குப் பெண் அமையாத கவலையாக இருந்தாலும் சரி, மற்றவர்கள் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: "மாங்காய பாக்காதே!"

அடுத்த சீசனில் நைனா என்னிடம் ரகசியமாக வளைவு கற்றுக்கொள்ள வந்தார். அதே வளைவு, அதே ராம்ப். நான் அந்தக் கோடியில் மஞ்சள் துண்டை ஆட்டினேன். ரெட்டெம்மா பக்கத்தில் நின்று பழிப்புக் காட்டினாள். நைனா கம்பீரமாக வந்தார், கியரை இறக்கினார், எல்லாம் சரியாகச் செய்தார். கடைசி நொடியில் கண் மட்டும் மறுபடி தறிக்காரக் கண்ணாகிவிட்டது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது குவியலுக்குள்ளிருந்து தலை மட்டும் தெரிந்தது. ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கைக்கு அகப்பட்ட ஒரு காயைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"துன்னு பாரும்மா" என்று என்னிடம் ஒன்றை நீட்டினார். "இதுக்காவத்தான் நிறுத்தினேன்."