ஒரே ஒரு கோடு

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தைப் போதையற்ற தோட்டமாக்குவதெனக் கொழும்பில் தீர்மானிக்கப்பட்டது. தேயிலை வாங்கும் வெளிநாட்டார் இப்போது அதையும் விரும்புகிறார்களாம். முதற்கட்டமாக ஃபெக்டரி ஆட்களும் லொறிக்காரர்களுமாக நாற்பத்தொரு பேர் சிறுநீர் கொடுக்க வேண்டும். போதை தெரிந்தால் மறுசோதனை. அதிலும் தெரிந்தால் வேலை இல்லை. இந்தச் சுற்றறிக்கையைத் தமிழில் எழுதி, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஒட்டியவன் நான், தோட்ட ஆபீஸ் கிளாக்கர்.

அன்று மத்தியானமே லொறி டிரைவர் றோலண்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கிளாக்கர் ஐயா, இடுப்பு வலிக்கு ஆஸ்பத்திரி கிளினிக்ல மாத்திரை குடுக்கிறாங்க. அது இந்தச் சோதனையில தெரியுமாங்க?"

மாத்திரையில் கோடீன் இருந்தது. அபின் வழி வந்த மருந்து. தெரியும் என்றுதான் எனக்குப் பட்டது.

"சுற்றறிக்கையில மாத்திரையைப் பத்தி ஒண்ணும் இல்ல. இல்லாதது எப்படித் தெரியும்?" என்றேன்.

"டாக்டர் எழுதிக் குடுத்த துண்டு இருக்குங்க."

"பத்திரமா வைங்க. யாருக்கும் காட்டாதீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

சோதனை நாளில் டிஸ்பென்சரி முத்துலிங்கம் ஐயா சிறுநீரில் தோய்த்த சோதனைப் பட்டைகளைப் பார்த்தார். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு விளக்கத்தாள் இருந்தது. யாரும் பிரிக்கவில்லை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பழகியவர்களுக்கு விளக்கம் எதற்கு? இரண்டு கோடு வந்தால் ஆள் அவ்வளவுதான்.

நாற்பது பேருக்கு இரண்டு கோடு. பட்டியலில் இல்லாவிட்டாலும் முன்மாதிரியாகத் தன்னையும் சோதித்துக்கொண்ட முத்துலிங்கம் ஐயாவுக்கும் இரண்டு. அவர் தனக்குத் தானே எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வைத்தார். வெற்றிலைகூடப் போடாத ஃபெக்டரி ராசம்மாவை அவரே விசாரித்தார்.

"எங்க வாங்குற?"

"டவுன்லதாங்க. எதைக் கேக்குறீங்க?"

பதிலின் முதல் வரி மட்டும் வாக்குமூலமாகப் பதியப்பட்டது.

ஒரே ஒரு கோடு வந்தவர் றோலண்ட். தோட்டத்தை நடத்தும் துரை அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மறுநாள் விளக்கத்தாளை ஃபைலில் போடப் போனவன், அதைப் படித்துத் தொலைத்தேன். இரண்டு கோடு என்றால் சுத்தம். ஒரு கோடு என்றால் போதை. றோலண்டைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அப்ப அந்த நாப்பது பேரும் சுத்தம். குத்தவாளி நாந்தானுங்களா?"

"சும்மா இருந்தா உங்களுக்கு வேலை இருக்கு."

"ராசம்மாக்காவுக்கு இருக்காதேங்க."

பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு துரையிடம் போனார். நானும் போனேன், வாசல் வரைக்கும்.

துரை தாளை இருமுறை படித்தார்.

"அறிக்கை கொழும்புக்குப் போயிருச்சு. அங்க நாப்பது பேர் தப்பு, ஒருத்தர் சரி. இப்ப மாத்தினா நம்ம தப்புன்னு ஆயிரும்."

"அப்ப என்னாங்க செய்யிறது?"

"மறுசோதனையில எல்லாருக்கும் ஒரு கோடு வரணும். றோலண்ட், நீங்க என்ன மாத்திரை போடுறீங்க?"

அடுத்த வாரம் டிஸ்பென்சரியில் மாத்திரைப் பெட்டி வந்து இறங்கியது. காலையில் ஆளுக்கு ஒன்று. மறுசோதனையில் ராசம்மா உட்பட எல்லோருக்கும் ஒரே கோடு, பளிச்சென்று. தோட்டத்து வாசலில் 'போதையற்ற தோட்டம்' என்று பச்சைப் பலகை ஏறியது. பிறகு திட்டம் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெரட்டில் யாரும் முதுகு, முழங்கால் என்று முனகாததால், ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தில் இரண்டு கிலோ கூட்டப்பட்டது. அதற்கும் யாரும் முனகவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதனை வந்தது. அதற்குள் றோலண்டின் இடுப்பு சுகமாகி, கிளினிக்கில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். டிஸ்பென்சரி மாத்திரையை அவர் வாங்கவில்லை. "வலி இல்லாதவனுக்கு எதுக்குங்க?" என்றாராம்.

அவருக்கு இரண்டு கோடு. மறுசோதனையிலும் இரண்டு.

வேலைநீக்கக் கடிதத்தை நான்தான் டைப் பண்ணினேன். றோலண்ட் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, அந்த இங்கிலீஷ் தாள் எங்கங்க?"

"ஃபைல்ல பத்திரமா இருக்கு."

முன்பெல்லாம் இப்படி ஒரு கடிதம் அடித்தால் மூன்று நாளைக்கு எனக்கு மணிக்கட்டில் தொடங்கி நெஞ்சு வரை வலிக்கும். அன்று ஒன்றும் வலிக்கவில்லை. ஆபீஸ்காரர்களுக்கும் இப்போது காலையில் ஒன்று தருகிறார்கள்.