புகையில்லா முனியாண்டி

ஒரு வேலையில் சில மாதம் இருந்துவிட்டால் அந்த வேலை நம் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்சூரன்ஸ் விற்பவர் சாவு வீட்டிலும் பாலிசி பற்றித்தான் பேசுவார். கார் விற்பவர் மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் வாசலில் நிற்கும் வண்டியைத்தான் முதலில் பார்ப்பார். நான் புகையிலைக் கம்பெனியில் இருந்தேன். அதனால் சாமியிடமே போய் வியாபாரம் பேசினேன். (எந்தச் சாமி என்று கேட்கிறீர்களா? கொஞ்சம் சாதுவான சாமியாகப் பார்த்துப் போயிருக்கலாம். நான் போனது முனியாண்டியிடம்.)

கம்பெனி பெயர் வேண்டாம். செங் என்ற இடத்துத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு கிளை அலுவலகம் இருந்தது. அதில் நான் நிலைத்தன்மைப் பிரிவு. பிரிவு என்றால் நானும் சன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடியும். கம்பெனி சிகரெட்டை மெல்ல மெல்லக் கைவிட்டுப் புகையில்லாப் பொருள்களுக்கு மாறப்போகிறது என்று ஊருக்குச் சொல்வது என் வேலை. அதற்குப் பச்சை இலை அட்டை போட்ட வழவழப்பான புத்தகம் ஒன்று உண்டு. வாரக் கடைசியில் கடற்கரைக்குப் போய்ச் சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்வோம். பொறுக்கியதில் பாதி நாங்கள் விற்றது. அப்பா ஒருநாள் அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, விற்கிறவனே விற்க மாட்டேன் என்கிறான், அப்புறம் உனக்குச் சம்பளம் எப்படி வரும் என்று கேட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் டிவியைப் போட்டார்.

புகையில்லாப் பொருள் என்பது பேனா அளவில் ஒரு கருவி. அதற்குள் சின்னப் புகையிலைக் குச்சியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் குச்சி எரியாது, சூடாகும். தயாரானதும் கருவி கையில் ஒருமுறை அதிரும், நுனியில் வெள்ளை விளக்கு எரியும். நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. இந்த இரண்டு 'இல்லை'யையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கெடுதல் இல்லை என்று மட்டும் கம்பெனி எங்கேயும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதைப் புத்தகத்தின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அந்தப் பக்கம்வரை நான் யாரையும் கூட்டிப்போனதில்லை.

வேலை நிரந்தரமாக, மேலாளர் லிம் என்னிடம் ஒன்று கேட்டிருந்தார். 'மாறியவரின் கதை.' பல வருடம் புகைபிடித்துவிட்டு இப்போது கருவிக்கு மாறிய ஓர் உள்ளூர்க்காரர், படத்தோடு வேண்டும். எனக்குத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் சின்னம்மா வந்தார்.

சித்தப்பா பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்தில் இருக்கிறார். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சிகரெட்டைத் தொட்டதே இல்லை, ஊதுபத்திக்கே தும்முவார். ஆனால் ஆடி மாதம் சுங்கை ரம்பாய் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் குலசாமி முனியாண்டிக்குப் பூசை போட்டால், சாமி வருவது அவர் மேல்தான். வந்தால் சுருட்டுக் கேட்கும். ஒரு கட்டு தீரும்வரை கேட்கும். சாமி மலையேறியதும் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்பார். சின்ன வயதில் ஒருமுறை நான் அவர் மடியில் ஏறி வாயை மோந்து பார்த்தேன். சுருட்டு வாசமே இல்லை, காலையில் பல் விளக்கிய பற்பசை வாசம்தான் வந்தது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் சித்தப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். புகைபிடிப்பீர்களா என்று மலாய்க்கார டாக்டரம்மா கேட்க, இல்லை என்றார். சின்னம்மா குறுக்கே புகுந்து, இவர் பிடிக்க மாட்டார், சாமி பிடிக்கும், வருடத்துக்கு ஒரு கட்டு என்று உண்மையைச் சொல்லிவிட்டார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாராம். யார் பிடித்தாலும் புகை போவது இந்த நெஞ்சுக்குள்தான், அடுத்த முறை இது தாங்காது என்றாராம்.

"பவானி, ஒங்க கம்பெனில பொகையே இல்லாம ஒண்ணு விக்கிறீங்களாமே," என்றார் சின்னம்மா. "அது சாமிக்கு ஆவுமா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். சின்னம்மா டாக்டர் கொடுத்த சீட்டை நான்காக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார்.

"பூசைக்குப் போவாதீங்கன்னா கேக்க மாட்டேங்கிறாரு. புருஷன்கிட்டன்னா சண்ட போடலாம். முனியாண்டிகிட்ட என்னா செய்ய முடியும், சொல்லு?"

டாக்டரிடம் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நினைவுக்கு வந்ததோ மாறியவரின் கதை. உலகத்திலேயே முதன்முதலாகப் புகையை விட்டு மாறிய காவல் தெய்வம்! லிம் கைதட்டுவது காதில் கேட்டது. ஆகும் சின்னம்மா, நன்றாகவே ஆகும் என்றேன்.

அந்த ஆடியில் கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்து ஊர் முழுக்கப் புகைமூட்டம். எங்கள் அலுவலக வாசலில் 'புகையில்லா எதிர்காலம்' என்று பெரிய பதாகை கட்டியது அந்த வாரம்தான். ரோட்டிலிருந்து பார்த்தால் பதாகை தெரியவில்லை.

பூசையன்று கம்பெனி காரில் சின்னம்மாவையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். தாளில் சுற்றி நூல் கட்டிய சுருட்டுக் கட்டை, கருவியைச் சாமி ஏற்காவிட்டால் என்ற பயத்தில், சின்னம்மா யாருக்கும் தெரியாமல் காரின் பின்பெட்டியில் வைத்தார். அது அங்கே இருப்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

கோயில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, ஒற்றை ஆலமரத்தடியில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. சூரியன் புகைக்குள் சிவப்பாக நின்றது, கண் கூசாமல் பார்க்க முடிந்தது. யாருக்கும் நிழல் விழவில்லை. செம்பனை வரிசைகள் கொஞ்ச தூரம் போய் அப்படியே காணாமல் போயின. ஒரு பறவைச் சத்தம் இல்லை. வந்திருந்தவர்கள் எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்ததால் கண்கள் மட்டும்தான் தெரிந்தன, யார் யாரென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர்களைவிடக் கூட்டம் அதிகமாக இருப்பது போல ஒரு நினைப்பு. நினைப்புதான் என்று சொல்லிக்கொண்டேன்.

படையலில் ஆட்டுக்கறி, கருவாடு, அவித்த முட்டை, ஸ்டவுட் பீர் போத்தல். சுருட்டு இருக்க வேண்டிய இடத்தில், வெற்றிலை மேல், முழுச் சார்ஜோடு என் கருவி. மரியாதைக்குக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தேன். பூசாரி குனிந்து பார்த்து இதென்ன பேனாவா என்று கேட்டார். மருந்து மாதிரி என்றார் சின்னம்மா. (மருந்து இல்லை. பொடி எழுத்து.)

உறுமி அடித்தார்கள். சித்தப்பா முதலில் குனிந்துதான் நின்றிருந்தார். பிறகு முதுகு நிமிர்ந்தது, நிமிர்ந்துகொண்டே போனது. என் தோள் உயரத்துக்கு இருக்கும் மனிதரை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முகக்கவசத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். நான் பொத்தானை அழுத்திக் கருவியை உள்ளங்கையில் வைத்தேன். அது அதிர்ந்தது. சாமி அதை உற்றுப் பார்த்தார். வாயில் வைத்து இழுத்தார். வாயைத் திறந்தார். மெல்லிய ஆவி வந்திருக்க வேண்டும், அந்தப் புகைமூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உறுமி தானாக நின்றது.

"நெருப்பு எங்க?"

சித்தப்பாவுக்கு மெல்லிய குரல். இது கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பயம் வந்தால் மனிதர்களுக்குக் கடவுள் பெயர் வாயில் வரும். கடவுளே எதிரில் நின்றதால் எனக்குக் கம்பெனிப் பயிற்சிதான் வந்தது. "எரியாது சாமி, சூடு மட்டுந்தான் ஆவும்," என்றேன். "நெருப்பு இல்ல, சாம்பல் இல்ல."

பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. எங்கள் முனியாண்டி திருநீறு கொடுப்பதில்லை. சுருட்டுச் சாம்பலைத் தட்டித்தான் நெற்றியில் பூசுவார். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டிருந்த பெண், புது லாரி வாங்கியவர், பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்றது அந்தச் சாம்பலுக்காக. பிறந்ததிலிருந்து ஒவ்வோர் ஆடியிலும் அதை நெற்றியில் வாங்கியவள் நான். அப்படிப்பட்டவள் சாம்பலே வராத ஒன்றைப் பெருமையாகப் பொட்டு வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

சாமி இன்னொரு தரம் இழுத்தார். நாள் முழுக்க வரவேண்டிய சார்ஜ் அந்த ஒரே இழுப்பில் தீர்ந்து, விளக்கு சிவந்து அணைந்தது.

இதற்கு மேல் நான் சும்மா இருந்திருக்கலாம். சேவை மனப்பான்மை விடவில்லை. "சாமி, சார்ஜ் முடிஞ்சிருச்சு," என்றேன். "கொஞ்சம் இருங்க, வண்டில போட்டுட்டு வந்துர்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. சாமி அணைந்துபோன கருவியை மறுபடி வாயில் வைத்து என்னையே பார்த்தபடி இழுத்தார். மூச்சு முடியவே இல்லை. இழுக்க இழுக்க எங்கிருந்தோ சுருட்டு வாசம் வந்தது. அவர் வாயிலிருந்து இல்லை. எங்களுக்குப் பின்னால், கார் நிறுத்தியிருந்த பக்கத்திலிருந்து.

"போட வேணாம்," என்றார் சாமி. "வண்டியில ஒளிச்சு வச்சத எடுத்துட்டு வா."

சின்னம்மாவும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு கார்வரை நடந்தோம். பின்பெட்டியைத் திறந்ததும் வாசம் முகத்தில் அடித்தது. சுருட்டுக் கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. கட்டிய நூல் கட்டியபடி, சுற்றிய தாளில் ஒரு கருகல் இல்லை. தொட்டால் அப்போதுதான் வாங்கிய ரொட்டி சானாய்ப் பொட்டலம் போலச் சூடாக இருந்தது. சின்னம்மா நூலைப் பிரித்தார். உள்ளே சுருட்டுகள் வரிசையாக, உருவம் மாறாமல், முழுக்கச் சாம்பலாகக் கிடந்தன. என் விரல் பட்டதும் ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது.

(பின்பெட்டியில் கிடந்த உதிரி சார்ஜர் சூடாகித்தான் எரிந்திருக்கும் என்று என் தம்பி இன்றைக்கும் சொல்கிறான். அவன் அன்றைக்கு வரவில்லை. சார்ஜரை நான் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.)

சின்னம்மாதான் அந்தச் சாம்பல் கட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுபோய் நீட்டினார். சாமி வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பூசினார். கடைசியில் என் நெற்றியில் கட்டைவிரலை அழுத்திவைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அவன் நெஞ்சுக்கு நீ காவல் இல்ல புள்ள. நான் இருக்கேன்."

பிறகு மலையேறிவிட்டார். சித்தப்பா தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எல்லாரும் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள், எத்தனை சுருட்டுப் போச்சு என்றார். ஒன்றுகூட அவர் வாய்க்குப் போகவில்லை. சின்னம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் நானும் அழுதேன். பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கார் வாசம் மட்டும் போகவில்லை. எலுமிச்சை, கரித்துண்டு, பண்டான் இலை எல்லாம் வைத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் லிம் அதே காரில் ஏறினார். யார் சுருட்டுப் பிடித்தது என்று கேட்டார். புகையில்லா எதிர்காலத்தின் அதிகாரப்பூர்வ வாகனம் அது. பொய் சொல்லத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். லிம் சீனர்தான், ஆனால் அவர் வீட்டு வாசலிலும் இந்த மண்ணின் காவல் சாமிக்குச் சிவப்பு மாடம் ஒன்று உண்டு. அவர் மெதுவாகச் சன்னலை இறக்கினார். சாமிக்குக் கோபமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை சார் என்றேன். நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டு மறுபடி மேலாளராக மாறினார்.

"உன் சித்தப்பா நம்ம கருவிக்கு மாறினாரா, ஒரேயடியா விட்டாரா?"

"விட்டுட்டாரு சார்."

"விட்டவங்க கதை நமக்கு வேணாம்லா, பவானி."

வேலை நிரந்தரமாகவில்லை. இப்போது காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி விற்கிறேன். புகைமூட்டம் வந்தால் நல்ல வியாபாரம்.

சித்தப்பா இன்னும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். முனியாண்டி அதற்குப் பிறகு சுருட்டை வாயில் வைப்பதில்லை. காலடியில் கொளுத்தி வைத்தால் போதும், சாம்பலை எடுத்துப் பூசுகிறார். அந்தக் கம்பெனியில் இருந்த காலத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை இதுதான். ஆனால் ஒவ்வோர் ஆடியிலும் சாமி வந்ததும் முதலில் கூட்டத்துக்குள் என்னைத் தேடி, கையை நீட்டி, "சார்ஜ் போட்டியா?" என்று கேட்கிறார். கூட்டமே சிரிக்கிறது. வீட்டிலும் அதே கதைதான். சோறு வேகவில்லை என்றால் சார்ஜ் போட்டியா, கல்யாணம் எப்போது என்பதற்கும் சார்ஜ் போட்டியா. சித்தப்பாவுக்கு மட்டும் இது எதற்கென்று புரிவதில்லை. நாங்கள் சொன்னாலும் நம்புவதில்லை.

போட்டேன் சாமி என்று நானும் சொல்லிவைக்கிறேன். உண்மையில் அந்தக் கருவிக்கு அன்றைக்குப் பிறகு நான் சார்ஜ் போட்டதே இல்லை. சின்னம்மா சொன்னதற்காக ஆடிக்கு ஆடி கைப்பையில் போட்டுக் கொண்டுபோகிறேன், அவ்வளவுதான். சாமி அந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. அந்த நேரத்தில் என் கைப்பைக்குள் அது ஒருமுறை அதிரும்.