கோதண்டபாணியின் ஆட்சேபனை

பண்டிகை முன்பணத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போன கோதண்டபாணி, தலைமை குமாஸ்தாவின் மேசைமேல் தலைகீழாகக் கிடந்த ஒரு ஃபைலின் தலைப்பைப் படித்துவிட்டார். இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு.

‘ஆய்வுக்கூடம் - ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கோரி திருமதி பெரியநாயகி கொடுத்த மனு.’

கோதண்டபாணிக்கு முன்பணம் மறந்துபோயிற்று.

விருத்தாசலம் அரசு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்ததே இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொருவர் பெரியநாயகி. புருஷனுக்கு விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில்வே வேலை மாற்றலானதால், மூன்று வருஷத்துக்கு முன் புதுச்சேரியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தவள். ஒரே மேசை, ஒரே மைக்ராஸ்கோப், ஒரே சளி, ஒரே ரத்தம்.

“என்னங்க இது?” என்றார் கோதண்டபாணி.

குமாஸ்தா ஆதிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். “மனு. ரெண்டு பக்கம். உங்ககிட்டயும் கருத்துக் கேக்கச் சொல்லி வந்திருக்குது. படிச்சுப் பாத்துட்டு எழுதிக் குடுங்க.”

“படிக்க வேற வேணுமா? தலைப்பைப் பாத்தாலே தலை சுத்துது. அந்தம்மா என்ன எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?”

“படிச்சுட்டா நல்லதுங்க.”

“சும்மா சொல்லுங்க, உங்க அபிப்பிராயம் என்ன?”

“ஃபைலுக்குத்தான் வாய் உண்டு. குமாஸ்தாவுக்குக் கிடையாது” என்று சொல்லிவிட்டு ஆதிநாராயணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பெரியநாயகி என்ன சம்பளம் வாங்குகிறாள் என்பது கோதண்டபாணிக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் ஆண்கள் குமாஸ்தா மேசை முன்னால் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவார்கள். பெண்கள் ஆண்களோடு வரிசையில் நிற்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு மேட்ரன் சொல்லிவைத்ததால், அவர்களுடைய பணமும் பட்டியலும் ஒரு காக்கிப் பையில் மேட்ரன் அறைக்குப் போகும். பையைத் தூக்கிப் போகிறவன் ஆஸ்பத்திரி எடுபிடி பக்கிரி. மேட்ரன் பட்டியலை வாசித்துப் பணத்தை எண்ணிக் கொடுத்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பான். பெண்பிள்ளைக்குச் சம்பளம் ஒரு படி குறைவாகத்தான் இருக்கும். எவ்வளவு குறைவு என்பதுதான் கோதண்டபாணிக்குத் தெரியாது.

அன்று வீட்டில் மனைவி கண்ணம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர்கள் கீழே குதித்தன.

“அந்தம்மாவுக்குக் குடுத்தா உங்களுக்கு என்ன?” என்றாள் கண்ணம்மாள், டம்ளர்களைப் பொறுக்கியபடி.

“ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கற பணம் ஒரு சட்டிதான்டி. அவங்களுக்கு ஒரு அகப்பை போயிட்டா, எனக்கு வரவேண்டிய உயர்வு அடிச்சட்டியோட நின்னுடும்.”

“அப்ப வூடு?”

வீடுதான் விஷயம். கடைவீதிக்குப் பின்னால் குழாயும் தனிக் கக்கூசும் உள்ள ஒரு வீடு காலியாக இருந்தது. வாடகை எழுபத்தைந்து. இப்போது இருக்கும் ரயிலடி வீட்டுக்கு முப்பது. நடுவில் நாற்பத்தைந்து ரூபாய் நின்றது. அந்த நாற்பத்தைந்தை நம்பித்தான் கண்ணம்மாள் இரண்டு வருஷமாக உடைந்த டம்ளருக்குப் பதில் புது டம்ளர் வாங்காமல் இருந்தாள்.

கோதண்டபாணி மறுநாளே பெரிய டாக்டர் மாணிக்கவேலிடம் போனார்.

“உங்களுக்கே ஆட்சேபனையா?” என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

“எனக்கு இல்லாம வேற யாருக்கு சார் இருக்கும்? எங்க ரெண்டு பேர் வேலையும் ஒண்ணு கிடையாது சார்.”

“ஒண்ணாத்தானே செய்யறீங்க? தினமும் பாக்கறேனே.”

“மேலோட்டமாப் பாத்தா அப்படித் தெரியும் சார்.”

“என்னவோ போங்க. வேற வேலைன்னா வேறன்னு எழுத்துல காட்டுங்க. கடலூர்லேர்ந்து அதிகாரி வர்றாரு. அவர் கண்ணுல பட்டாத்தான் ஒத்துப்பாரு.” அது எழுபத்தாறாம் வருஷம், எமர்ஜென்சி காலம். எல்லா ஆபீசிலும் ஆட்கள் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அதிகாரிகள் சொன்ன தேதியில் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆக, வேலை வேறு என்று எழுதினால் போதாது. வேறாக ஆக்கியாக வேண்டும்.

முதலில் சிறுநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைக் கையால் சுற்றும் இயந்திரத்தின் கைப்பிடியைக் கோதண்டபாணி பிடித்துக்கொண்டார்.

“இது ஆம்பிளை வேலைம்மா. இனிமே நீங்க தொட வேணாம்.”

“மூணு வருஷமா நானும் சுத்திக்கிட்டுத்தானே அண்ணே இருக்கறேன்?”

“அதான் தப்பு.”

“சரிங்கண்ணே” என்று பெரியநாயகி மைக்ராஸ்கோப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பிறகு திரும்பி, “அண்ணே, அந்த மனு விஷயமா ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்தாள்.

“மனு மேலிடத்துல இருக்குது. நாம பேசறது முறையில்லை” என்றார் கோதண்டபாணி. கம்பீரமாகத்தான் சொன்னார். கைப்பிடி சுற்றிய வேகத்தில் குரல் மட்டும் நடுங்கியது.

நான்கு நாளில் வலது தோள் வீங்கிற்று. ஆனால் வேலை வேறாகவில்லை. ஒரே ஒரு கைப்பிடிதான் வேறாகியிருந்தது. எனவே சளி டப்பாக்களையும் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அது ஆபத்தான வேலை, ஆண்பிள்ளைக்கு உரியது. பிறகு மலப் பரிசோதனை. அது அருவருப்பான வேலை, அதுவும் ஆண்பிள்ளைக்கு உரியது. பிறகு நல்லூர் முகாமுக்குச் சைக்கிளில் போய் மலேரியாவுக்கு ரத்தம் எடுத்து வருவது. அது வெயில் வேலை.

பெரியநாயகிக்கு மிஞ்சியது மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதும், பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடுவதும்.

“நீங்க இருக்கற இருப்பைப் பாத்தா டாக்டரம்மா மாதிரி இருக்குதுங்க” என்றாள், ரத்தம் கொடுக்க வந்திருந்த திட்டக்குடி பூவாயி, பெரியநாயகியைப் பார்த்து. பிறகு கோதண்டபாணியிடம் திரும்பி, “ஏம்பா, கொஞ்சம் பஞ்சு குடேன்” என்றாள்.

கோதண்டபாணி பஞ்சு கொடுத்தார்.

பக்கிரிக்குத்தான் கொண்டாட்டம். ஐம்பது வயதில் முதல்தடவையாகப் பகலில் உட்கார்ந்து பீடி குடிக்க நேரம் கிடைத்தது. “என் வேலையையும் சேத்து நீங்களே இழுத்துப் போட்டுக்கறீங்களே சார். நல்லா இருப்பீங்க.”

“இது உன் வேலை இல்லடா. தொழில்நுட்ப வேலை.”

“கோப்பை கழுவறதா சார்?”

கோப்பை விவகாரம் தனி. ஊரில் பீங்கான் சூளைகள் இருந்ததால், கோணலாகவும் புள்ளி விழுந்தும் வெந்த கோப்பைகள் ஆஸ்பத்திரிக்குச் சல்லிசாக வந்து சேரும். அவற்றுக்கு ஒரே சட்டம். காது உள்ள கோப்பை டீக்கு. காது உடைந்த கோப்பை ஆய்வுக்கூடத்துக்கு, நோயாளிகள் சிறுநீர் கொண்டுவர. டீக் கோப்பை கை தவறி விழுந்து காது போய்விட்டால் அன்றைக்கே அதற்குப் பதவி இறக்கம். திரும்பப் பதவி உயர்வு கிடையாது. எழுதப்படிக்கத் தெரியாத பக்கிரிக்குக்கூடப் புரிந்த சட்டம். பத்து வருஷமாக ஒரு பிசகும் நடந்ததில்லை.

அதிகாரி வரப்போகும் வாரம் கோதண்டபாணிக்கு ஒரு யோசனை உதித்தது. கோப்பைகளையே பிரித்துவிட்டால்? இவை என் பொறுப்பு, அவை அந்தம்மா பொறுப்பு என்று அலமாரியே சாட்சி சொல்லுமே! ஆனால் காதில்லாத கோப்பைகள் போதவில்லை. டீ அலமாரியிலிருந்து காதுள்ள கோப்பைகள் ஒரு டஜன் எடுத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு வர்ணத்தில் ஒரு கோடு போட்டார். தன் நோயாளிகளுக்கு அவற்றையே கொடுத்தார்.

“சிவப்புக் கோடு போட்டதெல்லாம் என் பொறுப்பு. நீ தொடாதே” என்று பக்கிரியிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

“சரிங்க சார்” என்றான் பக்கிரி. கோடு அடியில் இருந்தது. காது பக்கவாட்டில் இருந்தது. மனுஷனுக்கு முதலில் கண்ணில் படுவது காதுதான்.

அதிகாரி வந்த அன்று காலை ஆறு மணிக்கே கோதண்டபாணி தன் கோப்பைகளைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஜன்னலோரம் வரிசையாக நிமிர்த்தி வைத்தார். பத்தரைக்கு ஜீப் வந்தது. அதிகாரி உள்ளே நுழைந்தபோது பெரியநாயகி மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தாள். கோதண்டபாணி ஒரு கையால் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு, மறுகையில் வாளியோடு, ஈரச் சட்டையோடு நின்றார்.

“நீங்க யாரு?” என்றார் அதிகாரி.

“லேப் டெக்னீஷியன் சார்.”

“அவங்க?”

“அவங்களும் டெக்னீஷியன்தான் சார். ஆனா வேலை வேற.”

“அது பாத்தாலே தெரியுது” என்றார் அதிகாரி. கோதண்டபாணியின் நெஞ்சு நிறைந்தது.

பக்கிரி டீ கொண்டுவந்தான். அதிகாரி நாற்காலியில் சாய்ந்து, பதிவேடுகளைப் புரட்டியபடி, ருசித்துக் குடித்தார். முக்கால் கோப்பை போனபின் அண்ணாந்து ஒரு மிடறு விழுங்கும்போது, எதிரே நின்ற டாக்டர் கேட்டார்:

“கோப்பைக்கு அடியில என்ன சிவப்பா?”

கோதண்டபாணி ஒரு வாரமாகக் காத்திருந்த கேள்வி அது. யோசிக்காமல் முன்னே வந்தார்.

“அது என் பொறுப்புங்க சார்! சிவப்புக் கோடு போட்டதெல்லாம் நான் யூரின் பிடிக்கற கோப்பை. அந்தம்மா கோப்பையில கோடு இருக்காது. தனித்தனி சார்!”

அறையில் இயந்திரம் மட்டும் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றி நின்றது.

“கழுவித்தான் சார் இருந்துது” என்றான் பக்கிரி. “சார் கழுவினா நல்லாக் கழுவுவாரு.”

அதிகாரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். வேப்ப மரத்தடியில் வெகு நேரம் நின்றார். திரும்பி வந்து நின்றபடியே ஒரு குறிப்பாணை எழுதினார்: ‘கோப்பைகள், டப்பாக்கள் முதலியவற்றைச் சேகரிப்பதும் கழுவுவதும் பராமரிப்பதும் திரு. கோதண்டபாணி ஒருவருக்கே உரிய வேலை. இதில் திருமதி பெரியநாயகிக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை. திரு. கோதண்டபாணி கடுமையாக எச்சரிக்கப்படுகிறார்.’

வேறொருவர் என்றால் அதைக் கிழித்துப்போட்டிருப்பார். கோதண்டபாணி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, வீட்டுக்குப் போய்க் கண்ணம்மாளுக்கு வாசித்துக் காட்டினார்.

“திட்டியிருக்காங்களே” என்றாள் அவள்.

“திட்டை விடு. ‘ஒருவருக்கே உரிய வேலை’ன்னு அதிகாரி கைப்பட எழுதியிருக்குது பாரு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?”

மறுநாள் ஆட்சேபனைக் கடிதத்தோடு குறிப்பாணையின் நகலையும் இணைத்து ஆதிநாராயணனிடம் கொடுத்தார். குமாஸ்தா இரண்டையும் படித்தார். அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.

“கடைசியாச் சொல்றேன். மனுவை ஒரு தடவை படிச்சுடுங்களேன்.”

“தேவையில்லீங்க. அனுப்புங்க.”

ஆதிநாராயணன் முத்திரை குத்தினார்.

ஏழு வாரம் கழித்து உத்தரவு வந்தது. ‘இருவருடைய வேலைகளும் முற்றிலும் வேறானவை என்பது திரு. கோதண்டபாணியின் ஆட்சேபனையாலேயே ஐயமற நிறுவப்பட்டதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. தற்போதைய சம்பள விகிதங்களே நீடிக்கும். தற்போதைய வேலைப் பிரிவினையும் நீடிக்கும்.’

பின்பாதியைக் கோதண்டபாணி சரியாகப் படிக்கவில்லை. நேரே கடைவீதிக்குப் போய், புது வீட்டுக்காரரிடம் ஒரு மாத வாடகை எழுபத்தைந்தை முன்பணமாகக் கொடுத்துச் சாவியை வாங்கினார். வரும் வழியில் அரைக்கிலோ ஜிலேபியும் வாங்கிக்கொண்டார்.

முதல் ஜிலேபியைப் பெருந்தன்மையாகப் பெரியநாயகியிடம் நீட்டினார்.

“மனசுல ஒண்ணும் வெச்சுக்காதம்மா. நியாயம்னு ஒண்ணு இருக்குதில்ல?”

“எனக்கு என்ன அண்ணே” என்றாள் அவள். “உங்களுக்கு வேணாம்னா நான் என்ன செய்யறது?” ஜிலேபியைக் காகிதத்தில் வாங்கி வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டாள்.

தோற்றவர்கள் இப்படித்தான் புரியாமல் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, கோதண்டபாணி மிச்சப் பொட்டலத்தோடு வராந்தாவுக்கு வந்தார். பக்கிரி காக்கிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேட்ரன் அறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அன்று சம்பள நாள்.

“எடுத்துக்கடா பக்கிரி. ரெண்டா எடுத்துக்க. மனு தள்ளுபடி!”

பக்கிரி ஜிலேபியைக் கையில் வாங்கினான், வாயில் போடவில்லை. பையைப் பார்த்தான், கோதண்டபாணியைப் பார்த்தான்.

“அந்தம்மா வாங்கற புதுச்சேரிச் சம்பளம் மாதிரியே உங்களுக்கும் மாசம் நாப்பத்தஞ்சு ரூபா கூட்டிக் குடுக்கணும்னு அவங்க எழுதின மனு தானே சார் அது? அது போயிட்டதுக்கா ஜிலேபி?”